வில்லியம் பிளேக்: ஒரு குமாஸ்தா வாங்கி வைத்த ஓவியங்கள்



இந்தக் காலாண்டு மடலில் ஆங்கிலக் கவிஞர் வில்லியம் பிளேக்கைப் பற்றி எழுதலாம் என்று எடுத்துக்கொண்டேன். புலியைப் பற்றி ஒரு பாட்டு, ஆட்டுக்குட்டியைப் பற்றி ஒரு பாட்டு என்று அவர் எழுதியவற்றை உங்களில் பலர் பள்ளியிலோ கல்லூரியிலோ இங்கிலீஷ் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவர் ஓவியர் என்பது அந்தப் பாடத்தில் ஒரு வரியாக வந்திருக்கலாம். அந்த ஓவியங்களில் பெரும்பகுதியை விடாமல் காசு கொடுத்து வாங்கியவர் ஓர் அரசாங்க குமாஸ்தா என்பது எந்தப் பாடத்திலும் வராது. வங்கியில் குமாஸ்தாவாகவே வேலை பார்த்து ஓய்வு பெற்ற எனக்கு, அதைப் படித்த அன்று சொல்லத் தெரியாத ஒரு பெருமை. அதனால்தான் உங்களிடமும் சொல்லத் தோன்றியது.

முதலில் ஒரு படம்

பிளேக்கின் நீர்வண்ணப் படம் ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 16 செ.மீ. உயரம், 12 செ.மீ. அகலம். நம் பேங்க் பாஸ்புக்கை நிறுத்தி வைத்தால் இருக்கும் அளவு, அவ்வளவுதான். வெயில் நன்றாக அடிக்கும் ஒரு விடுமுறை நாளில் நாட்டுப்புறத்தார் கூடி ஆடிப் பாடுவதுதான் காட்சி. ஜான் மில்டன் இளமையில் எழுதிய லாலெக்ரோ என்ற கவிதையில் வரும் ஓர் இடத்துக்குப் பிளேக் வரைந்தது.

மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு கிராமத்துத் திருவிழா. இளையவர்களும் முதியவர்களும் வெளியே வந்திருக்கிறார்கள். தேவாலயத்துக் கோபுரம் தெரிகிறது. கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பின்னால் இருக்கும் மலைகள் வெறும் மலைகள் அல்ல, மனித உருவங்கள்! ஆறும் மேகமும் மரமும் அப்படித்தான். மலையின் மார்பிலிருந்து மேகம் எழுகிறது. வானத்தில் இரண்டு தேவதூதர்கள் ஊதுகொம்பு ஊதி, இன்று விடுமுறை என்று அறிவிக்கிறார்கள். இந்த விவரங்களைப் பிளேக்கே தனியாக ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறார். காவிரியைத் தாய் என்றும் மலையைச் சாமி என்றும் சொல்லி வளர்ந்த நமக்கு இது விசித்திரமாகத் தோன்றாது. ஆனால் அவருடைய லண்டனில் பலர் அவரைப் பைத்தியம் என்றே நினைத்தார்கள்.

படத்தில் தேதி கிடையாது. இந்த வரிசையில் உள்ள சில தாள்களில் 1816 என்ற நீர்க்குறி இருக்கிறது. ரூபாய் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறோமே, அதே போன்ற குறிதான். அதை வைத்து 1816க்கும் 1820க்கும் இடையில் வரைந்தது என்று கணக்கிடுகிறார்கள். மொத்தம் 12 படங்கள். வாங்கியவர் தாமஸ் பட்ஸ். அவர்தான் நான் சொன்ன குமாஸ்தா. அவரிடம் வருவதற்கு முன் பிளேக்கின் கதையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம்.

மரத்தில் தேவதூதர்களைக் கண்ட பையன்

பிளேக் பிறந்தது 1757 நவம்பர் 28 அன்று, லண்டன் சோஹோ பகுதியில் பிராட் தெருவில். அப்பா காலுறை, உள்ளாடை விற்கும் கடைக்காரர். பையனுக்கு எட்டோ பத்தோ வயதிருக்கும்போது பெக்கம் ரை என்ற வெளியில் ஒரு மரம் நிறையத் தேவதூதர்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததாக வீட்டில் வந்து சொன்னான். பொய் சொல்கிறான் என்று அப்பா அடிக்கப் போக, அம்மா குறுக்கே வந்து காப்பாற்றினாராம். அந்தக் காட்சிகள் அவரைக் கடைசிவரை விடவில்லை.

ஆனாலும் அப்பா நல்லவர். மகனைக் கடையில் உட்கார வைக்காமல் பத்து வயதில் ஓவியப் பள்ளியில் சேர்த்தார். 1772-ல் செப்புத்தகட்டில் படம் செதுக்கும் ஜேம்ஸ் பசையர் என்பவரிடம் ஏழு வருடத் தொழிற்பயிற்சிக்கு விட்டார். அதற்கு முன் வில்லியம் ரைலாண்ட் என்ற பெயர்பெற்ற செதுக்குநரிடம் கூட்டிப் போனதாகவும், அவர் முகத்தைப் பார்த்தால் தூக்கில் தொங்கப் போகிறவர் முகம்போல் இருக்கிறது, அவரிடம் சேர மாட்டேன் என்று பையன் மறுத்ததாகவும் ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, ரைலாண்டுக்கு நடந்தது உண்மை. கிழக்கிந்தியக் கம்பெனியின் பேரில் கள்ள உண்டியல் தயாரித்த குற்றத்துக்காக 1783-ல் அவரைத் தூக்கிலிட்டார்கள். அந்தக் காலத்தில் கள்ளக் கையெழுத்துக்குத் தண்டனை மரணம்!

பயிற்சிக் காலத்தில் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் இருக்கும் பழைய கல்லறைச் சிலைகளைப் பார்த்து வரைந்து வரும்படி பசையர் அனுப்பினார். நீண்டு நெடிந்த அந்த உருவங்களும் தெளிவான கோடுகளும் பிளேக்கின் கையில் நிரந்தரமாகத் தங்கிவிட்டன. அவருடைய நீர்வண்ணப் படங்களில் கோடுதான் எஜமானன். முதலில் பென்சில், அதன்மேல் பேனாவும் மையும், பிறகு தண்ணீர் கலந்த வண்ணத்தை மெல்லியதாகப் பூச்சின்மேல் பூச்சாக ஏற்றுவார். எண்ணெய் வண்ணத்தை அவருக்குப் பிடிக்காது. அன்றைக்கு மதிப்பும் பணமும் எண்ணெய் வண்ணத்துக்குத்தான். பிழைக்கத் தெரியாதவர் என்று நம் வீடுகளில் சொல்வோமே, அந்த ரகம்.

கைநாட்டு வைத்த மனைவி

1782 ஆகஸ்டில் கேத்தரின் பௌச்சர் என்ற பெண்ணை மணந்தார். பாட்டர்ஸீ பகுதியில் காய்கறித் தோட்டம் வைத்திருந்தவரின் மகள். கல்யாணப் பதிவேட்டில் கேத்தரின் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு பெருக்கல் குறி போட்டிருக்கிறார். பிளேக் அவருக்கு எழுதவும் படிக்கவும் கற்றுக் கொடுத்தார், படம் வரையவும் அச்சு இயந்திரத்தை ஓட்டவும் கற்றுக் கொடுத்தார். குழந்தைகள் இல்லை. நாற்பத்தைந்து வருடம் இருவரும் ஒரே மேஜையில் வேலை செய்தார்கள்.

1787-ல் பிளேக்கின் அன்புத் தம்பி ராபர்ட் இறந்துபோனார். இறந்த தம்பி வந்து ஒரு புது அச்சு முறையைச் சொல்லிக் கொடுத்ததாகப் பிளேக் சொல்வார். முறை இதுதான். அமிலம் அரிக்காத ஒரு திரவத்தால் செப்புத்தகட்டில் கவிதையை வலமிடமாக மாற்றி எழுதி, கூடவே படமும் வரைய வேண்டும். பிறகு தகட்டை அமிலத்தில் போட்டால் எழுதாத இடமெல்லாம் அரித்துப்போய், எழுத்தும் படமும் மேடாக நிற்கும். மை தடவித் தாளில் ஒற்றி எடுத்து, ஒவ்வொன்றுக்கும் கையால் வண்ணம் தீட்டுவார்கள். கவிஞரும் அவரே, ஓவியரும் அவரே, அச்சகமும் அவர் வீடே. பைண்டிங் கேத்தரின் பொறுப்பு. 1789-ல் இப்படி வந்ததுதான் கபடமற்ற பருவத்துப் பாடல்கள் என்று நாம் சொல்லக்கூடிய தொகுப்பு. ஆட்டுக்குட்டிப் பாட்டு இதில் உள்ளது. 1794-ல் அதற்கு இணையாக வந்த அனுபவப் பாடல்களில் புலி வந்தது. 1793-ல் அவரே வெளியிட்ட விலைப்பட்டியலில் தொகுப்பு ஒன்றுக்கு 5 ஷில்லிங் என்று இருக்கிறது. இன்று அவற்றில் ஒரு பிரதி ஏலத்துக்கு வந்தால் உலகம் திரும்பிப் பார்க்கிறது. அன்றைக்கு வாங்க ஆளில்லை.

வீட்டுச் செலவு மற்றவர்களின் படங்களைச் செதுக்கிக் கொடுக்கும் கூலியில்தான் ஓடியது. கையில் காசு தீர்ந்துவிட்டால் கேத்தரின் எதுவும் பேச மாட்டாராம். சாப்பாட்டு வேளையில் காலித் தட்டைக் கணவர் முன்னால் வைத்துவிடுவாராம். அவருக்குப் புரிந்துவிடும்.

கினி ஒன்றுக்கு ஒரு படம்

இப்போது தாமஸ் பட்ஸிடம் வருவோம். ராணுவத்தில் ஆட்கணக்கைச் சரிபார்க்கும் அலுவலகத்தில் குமாஸ்தா. ஏழை அல்ல, வசதியாகவே வாழ்ந்தவர். அவர் மனைவி கிரேட் மார்ல்பரோ தெருவில் இருந்த தங்கள் வீட்டிலேயே பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி நடத்தினார். ஆனால் பிரபு குடும்பம் இல்லை, கலை விமர்சகர் இல்லை, பெரிய இடத்துச் சிபாரிசு எதுவும் கையில் இல்லாதவர்.

1799-ல் அவர் பிளேக்கிடம் பைபிள் காட்சிகளாக ஐம்பது படங்கள் கேட்டார். படம் ஒன்றுக்கு ஒரு கினி, அதாவது 21 ஷில்லிங். அவை பசை கலந்த வண்ணத்தில் தீட்டியவை. அது முடிந்ததும் பைபிளுக்கே நீர்வண்ணப் படங்கள் கேட்டார். எண்பதுக்கும் மேல் வந்தன. பிறகு மில்டனின் காவியத்துக்கு, பிறகு யோபுவின் கதைக்கு, பிறகு நான் முதலில் சொன்ன விடுமுறை நாள் படம் உள்ள வரிசை. தன் மகனுக்குச் செதுக்குவேலை கற்றுக் கொடுக்கவும் பிளேக்கையே அமர்த்தி ஆண்டுக்கு 25 கினி கொடுத்தார். மொத்தத்தில் அவர் கைக்கு வந்தவை 200-ஐ ஒட்டி இருக்கும். பிளேக் எழுதிக் கொடுத்த ரசீதுகள் சில இன்றும் பத்திரமாக இருக்கின்றன. ரசீதைப் பத்திரப்படுத்துவது நம் ஜாதி புத்தி!

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது, பட்ஸ் இன்னதைத்தான் வரைய வேண்டும், இப்படித்தான் வரைய வேண்டும் என்று பிளேக்கைக் கட்டிப்போடவில்லை. அந்த அருமை என்ன என்பது மற்றவர்களைப் பார்த்தால் விளங்கும்.

வில்லியம் ஹேலி என்று ஒரு கவிஞர், செல்வந்தர். 1800-ல் பிளேக் தம்பதியை ஸஸ்ஸெக்ஸ் கடலோரத்தில் ஃபெல்பம் கிராமத்துக்கு அழைத்துக் குடிவைத்தார். பிளேக் லண்டனை விட்டு வெளியே வாழ்ந்தது இந்த மூன்று வருடம் மட்டுமே. கடலும் வயலும் அவருக்கு மிகவும் பிடித்திருந்தன. ஹேலி கெட்டவர் இல்லை. ஆனால் பிளேக்குக்கு நல்லது செய்வதாக நினைத்துச் சின்னச் சின்ன உருவப்படங்களை வரையச் சொல்லி வதைத்துவிட்டார். மனம் வெறுத்த பிளேக் தன் குமுறலையெல்லாம் கடிதங்களில் கொட்டினார். யாருக்கு? லண்டனில் இருந்த பட்ஸுக்கு. 1803-ல் தோட்டத்துக்குள் நுழைந்த ஒரு சிப்பாயைப் பிடித்து வெளியே தள்ளப் போய், அரசரைப் பழித்ததாக வழக்கும் வந்தது. மறு ஆண்டு ஜனவரியில் சிசெஸ்டரில் விசாரணை நடந்து விடுதலை கிடைத்தது. அந்த வழக்கில் ஹேலி துணை நின்றார் என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்து ராபர்ட் க்ரோமெக் என்ற பதிப்பாளர். ஒரு கவிதை நூலுக்குப் பிளேக்கிடம் படங்களை வரைந்து வாங்கிக்கொண்டு, நல்ல கூலி கிடைக்கும் செதுக்குவேலையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார். அந்த நீர்வண்ணப் படங்கள் காணாமலே போய், 2001-ல் கிளாஸ்கோவில் ஒரு பழைய புத்தகக் கடையில் 19 படங்களாகக் கிடைத்தன.

1809-ல் அண்ணன் நடத்திய அந்தப் பிராட் தெருக் கடையின் மாடியில் பிளேக் தாமே கண்காட்சி வைத்தார். 16 படங்கள். நுழைவுக் கட்டணம் இரண்டரை ஷில்லிங், விளக்கப் புத்தகமும் சேர்த்து. கூட்டம் வரவில்லை. வந்த ஒரே பத்திரிகை விமர்சனம் அவரைப் பைத்தியக்காரர் என்று எழுதியது. அப்போது அவருக்கு வயது 51. அதற்குப் பின் ஏறத்தாழ பத்து வருடம் ஊர் அவரை மறந்தே போனது. அப்படி எல்லோரும் மறந்திருந்த காலத்தின் கடைசிப் பகுதியில் வரைந்ததுதான் வெயிலும் ஆட்டமுமாக இருக்கும் அந்த விடுமுறை நாள் படம். அறுபதை எட்டிய, பெயரும் பணமும் கிடைக்காத மனிதரின் படம் அது என்று யாராவது சொன்னால்தான் தெரியும்.

ஆடு மேய்ப்பவர்களும் அறுபதுக்கு மேல் ஒரு வாழ்வும்

1818-ல் ஜான் லின்னல் என்ற இளம் ஓவியரின் அறிமுகம் கிடைத்தது. பட்ஸ் ஓய்ந்த இடத்தில் லின்னல் தோள் கொடுத்தார். அவர் மூலமாக டாக்டர் தார்ன்டன் என்பவர் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் பதிப்பித்த வெர்ஜிலின் மேய்ச்சல் நிலப் பாடல்களுக்குப் படம் போடும் வேலை வந்தது. பிளேக் அதுவரை மரக்கட்டையில் செதுக்கியதே இல்லை. 1821-ல் வெளிவந்த அந்த நூலில் அவர் செதுக்கிய 17 படங்கள் இருக்கின்றன. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய அளவுதான். ஆட்டுக் கிடை, கோலூன்றிய மேய்ப்பர், நிலா, சாய்ந்து கிடக்கும் பயிர். பதிப்பகத்தாருக்குப் பிடிக்கவில்லை. சில படங்களை வேறு ஆளை வைத்துச் செதுக்கியும் பார்த்தார்கள். பெரிய ஓவியர்கள் பரிந்து பேசியதால்தான் மற்றவை தப்பின. அப்போதும் தார்ன்டன் மன்னிப்புக் கேட்பதுபோல ஒரு குறிப்பைச் சேர்த்தே வெளியிட்டார். அந்தச் சின்னப் படங்களைப் பார்த்து மயங்கியவர்களில் ஒருவர் சாமுவேல் பாமர். அவரும் நண்பர்களும் பிளேக்கைக் குருவாகக் கொண்டார்கள். கென்ட் பகுதியில் ஷோரம் கிராமத்தில் பாமர் தீட்டிய வயல்வெளிப் படங்கள் இன்று ஆங்கில ஓவியத்தின் பொக்கிஷம்.

1822-ல் லின்னலின் முயற்சியால் ராயல் அகாடமி 25 பவுண்டு உதவித்தொகை கொடுத்தது. 1823-ல் யோபுவின் கதையைச் செப்புத்தகட்டில் செதுக்க லின்னல் எழுத்துமூலம் ஒப்பந்தம் போட்டார். வேலைக்கு 100 பவுண்டு, லாபம் வந்தால் அதிலிருந்து இன்னொரு 100. மொத்தமாகக் கொடுத்தால் கரைந்துவிடும் என்று தவணையாகக் கொடுத்து வந்தார். லாபம் வரவில்லை. ஆனாலும் லின்னல் மேற்கொண்டு 50 பவுண்டு கொடுத்தார். இந்த வேலைக்கு மூலப்படங்கள் எங்கிருந்து வந்தன தெரியுமா? பட்ஸ் முன்னர் வாங்கி வைத்திருந்த நீர்வண்ணப் படங்கள்தான். கேட்டதும் இரவல் கொடுத்தார். 1826-ல் வெளிவந்த அந்த யோபு வரிசை, செதுக்குக் கலையின் சிகரங்களில் ஒன்றாக இன்று மதிக்கப்படுகிறது.

அடுத்து லின்னல் தாந்தேயின் காவியத்துக்குப் படம் கேட்டார். நம்மில் ஓய்வு பெற்றவர்கள் கவனிக்கவும்: தாந்தேயை மூலத்தில் படிக்க வேண்டும் என்பதற்காக அறுபதுகளின் நடுவில் பிளேக் இத்தாலிய மொழி கற்றுக்கொண்டார். படுக்கையில் கிடந்தபடியே பெரிய பெரிய தாள்களில் 102 படங்கள் போட்டார். பல முடியாமலே நின்றுவிட்டன.

1827 ஆகஸ்ட் 12 அன்று, ஸ்ட்ராண்ட் அருகே ஃபவுண்டன் கோர்ட்டில் இருந்த இரண்டு அறை வீட்டில் அவர் உயிர் பிரிந்தது. கடைசியாக வரைந்தது தன் பக்கத்தில் இருந்த கேத்தரினின் முகத்தை என்றும், பாடிக்கொண்டே போனார் என்றும் சொல்கிறார்கள். அடக்கச் செலவுக்கு லின்னலிடம் கடன் வாங்க வேண்டியிருந்தது. பன்ஹில் ஃபீல்ட்ஸ் இடுகாட்டில் கல் இல்லாமல் புதைத்தார்கள். சரியான அந்த இடத்தில் கல் வைத்தது 2018 ஆகஸ்ட் 12 அன்று, 191 வருடம் கழித்து.

மீதி இருப்பு

1863-ல் அலெக்சாண்டர் கில்கிரிஸ்ட் எழுதிய வாழ்க்கை வரலாறு வெளிவந்த பிறகுதான் உலகம் பிளேக்கை மெல்லத் திரும்பிப் பார்த்தது. 1916-ல் ஹியூபர்ட் பாரி இசையமைத்த அவருடைய கவிதை ஒன்று ஜெருசலேம் என்ற பெயரில் இன்று இங்கிலாந்து முழுவதும் பாடப்படுகிறது. விடுமுறை நாள் படம் இப்போது நியூயார்க்கில் மார்கன் நூலகத்தில் இருக்கிறது. வங்கி அதிபர் பியர்பாண்ட் மார்கன் உண்டாக்கிய நூலகம் அது. குமாஸ்தா வாங்கியதை முதலாளி வீட்டில் வைத்திருக்கிறார்கள்! வெளிச்சம் பட்டால் நீர்வண்ணம் வெளுக்கும் என்பதால் இத்தகைய படங்களை எப்போதாவதுதான் வெளியே எடுத்து வைப்பார்கள்.

கணக்குப் பார்த்துப் பழகியவன் என்பதால் ஒன்றை யோசித்தேன். பட்ஸ் பிளேக்கைப் பணக்காரர் ஆக்கவில்லை. அவரால் முடிந்ததும் அதுவல்ல. ஒரு படம், ஒரு கினி, ஒரு ரசீது என்று வருடக்கணக்கில் விடாமல் வாங்கினார். அதனால் அந்த வீட்டில் காலித் தட்டு வைக்க வேண்டிய நாட்கள் குறைந்திருக்கும். வரைந்தவர் அடுத்த தாளை எடுத்திருப்பார். ஹேலி கொடுத்த அறிவுரையும் பத்திரிகை கொடுத்த பட்டமும் இன்று யாருக்கும் பயனில்லை. பட்ஸ் வாங்கியவை மட்டும் இருக்கின்றன.

நம் குடியிருப்பிலும் படம் போடும் பிள்ளைகள் இருக்கிறார்கள், வாசலில் கோலத்தையே ஓவியமாக்கும் பெண்கள் இருக்கிறார்கள், ஓய்வுக்குப் பின் தூரிகை எடுத்த பெரியவர்களும் இருக்கிறார்கள். விழாக்களில் அவர்கள் படங்களை மாட்டுகிறோம், பிரமாதம் என்கிறோம், செல்போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். அடுத்த முறை உங்களுக்கு உண்மையிலேயே பிடித்த ஒரு படத்தை விலை கேட்டு வாங்குங்கள். தொகை சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. வாங்கிய படத்தை அலமாரியில் வைக்காமல் கூடத்தில் மாட்டுங்கள், வரைந்தவர் அந்த வழியாக வரும்போது கண்ணில் படட்டும்.